ஆடி மாசத்து மண்டபமும் அந்தரத்தில் ஆடுகிறவர்களும்

ரெசிடென்சி, அதாவது கலைஞர்கள் சில நாள் ஓரிடத்தில் தங்கிப் புதுப் படைப்பு உருவாக்கும் ஏற்பாடு, என்றதும் நிறையப் பேர் மனசில் வருவது ஏலகிரியிலோ குன்னூரிலோ ஒரு ஓட்டு வீடு, ஜன்னலோரம் மேசை, வேளாவேளைக்குக் காபி. நாவல் எழுதுகிறவருக்கு அது போதும். சில்க் என்கிற நீளத் துணியில் தொங்கி ஆடுகிற சர்க்கஸ் கலைஞர் ஒருவரை அந்த வீட்டில் ஒரு மாசம் தங்க வைத்தால் ஓடுதான் உடையும்.

பெங்களூரில் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1992இல் தொடங்கிய அட்டக்களரி என்ற நடன மையம், நடனம் அமைப்பவர்களுக்காக ரெசிடென்சி நடத்தியிருக்கிறது. ஜெர்மனியின் பண்பாட்டு மையமான கெத்தே இன்ஸ்டிட்யூட் 2010இலிருந்து ஜெர்மனிக் கலைஞர்களை இந்த ஊர் அமைப்புகளோடு இணைத்துத் தங்க வைக்கிறது. ஓவியம், நாடகம், ஆவணப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு கதவு திறக்கிறது. சர்க்கஸ்காரர் அதே கதவைத் தட்டினால், உள்ளே வரச் சொல்லிவிட்டு 10 அடி சீலிங்கைக் காட்டுகிறார்கள். பணம் இல்லை என்ற புலம்பலை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலில் உயரம், அதோடு யாரும் ரிசல்ட் கேட்காத நாட்கள். இரண்டுக்கும் இந்த ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உயரத்தைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். கூரையில் துணியைத் தொங்கவிடும் பாயிண்டிலிருந்து தரை வரை 20 அடி என்று வையுங்கள். கட்டும் பட்டையான ஸ்லிங், கொக்கி வளையமான காரபைனர், துணியை முறுக்காமல் சுழலவிடும் ஸ்விவல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை அடியைத் தின்றுவிடும். உச்சியில் இருக்கும்போது தலைக்கு மேல் 2 அடி வேண்டும். கீழே மெத்தை 1 அடி. சுற்றை அவிழ்த்து விழும் டிராப் முடிகிற இடத்தில் தலைக்கும் மெத்தைக்கும் நடுவே 3 அடியாவது மிஞ்ச வேண்டும். ஆக, வேலை செய்யக் கிடைப்பது பன்னிரண்டரை அடி. இதையே 12 அடி ஹாலில் போட்டால் கையில் நிற்பது நாலரை அடி. அதில் தூளி கட்டலாம், குழந்தை நன்றாகத் தூங்கும்.

உயரம் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த தப்பு நடக்கும். தொழிற்பேட்டையான பீன்யா பக்கம் பழைய ஷெட் ஒன்று 25 அடி உயரத்தில் கிடைக்கிறது, மேலே கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ் தெரிகிறது, உடனே ஸ்லிங்கை வீசிக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த ட்ரஸ்ஸைப் போட்டவர் தகரக் கூரையின் எடையையும் காற்றையும் மட்டும் கணக்கில் வைத்திருப்பார். கீழ்க்கம்பியின் நடுவில் ஒரு ஆளைத் தொங்கவிட்டால் அது வளையும், ஏனென்றால் ட்ரஸ் பாரம் தாங்குவது கம்பிகள் கூடும் முடிச்சுகளில்தான். முடிச்சிலும்கூட எவ்வளவு தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். 60 கிலோ ஆள் ஒரு டிராப்பில் நிற்கும்போது பாயிண்டில் விழும் விசை எடையைப்போல நாலைந்து மடங்கு, அதாவது 240 முதல் 300 கிலோ. துணி தொய்வாக இருந்து வெடுக்கென்று நின்றால் இன்னும் கூடும். அதனால், பாதுகாப்பு மடங்கெல்லாம் போக, ஒரு ஆளுக்கு 500 கிலோ வேலைப்பாரம் தாங்கும் பாயிண்ட் என்று கேட்பது பேராசை இல்லை.

கான்கிரீட் ஸ்லாப்பில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் அடிப்பது இன்னொரு ஆபத்து. பூச்சு எத்தனை அங்குலம், உள்ளே கம்பி எங்கே என்று தெரியாமல் அடித்த போல்ட், கீழ்நோக்கி இழுக்க இழுக்க மெல்ல நழுவும். ஃபேன் கொக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்லிங் வாங்கும்போது வயலெட் 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன் என்பது சர்வதேச நிறக்கணக்கு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளைப் படியுங்கள். லேபிள் கிழிந்துபோன ஸ்லிங் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் அது மூட்டை கட்டத்தான்.

தரையைப் பற்றி ஹாஸ்ட்கள், அதாவது இடம் கொடுப்பவர்கள், யோசிப்பதே இல்லை. நம்மூர் ஹால்களில் கிரானைட் அல்லது டைல்ஸ். அதன்மேல் ஒரு நாள் குட்டிக்கரணம் போடலாம், பத்து நாள் போட்டால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். மெத்தையைப் போட்டுவிட்டோமே என்பார்கள். விழுவதற்குப் போடும் தடித்த மெத்தையில் குதித்து ஓடினால் கணுக்கால் பிரளும். குறுக்கும் நெடுக்குமாக ரீப்பர் கட்டை, அடியில் கெட்டியான ஃபோம் துண்டுகள், மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்று எந்தத் தச்சரும் இரண்டு நாளில் போட்டுவிடுவார். அக்ரோபாட்டிக்ஸுக்கு அது போதும். உள்ளே நின்று சுழலும் ஆளுயர வளையமான சீர் வீல் வைத்திருப்பவர்களுக்குத் தரை சமமாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது, ஆனால் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் தடையில்லாத இடம் கேட்பார்கள். ஜக்லர்களைத் திருப்திப்படுத்துவது சுலபம், ஃபேனைக் கழற்றினால் போதும்.

முன்பெல்லாம் இதற்கெல்லாம் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. இந்திய சர்க்கஸின் முன்னோடி விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் தன் சர்க்கஸைத் தொடங்கியதிலிருந்து, தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி நடத்தி ஆட்களை அனுப்பியதிலிருந்து, கூடாரமே கலைஞருக்குப் பள்ளியும் பட்டறையும். சாயங்காலம் ஷோ, காலையில் காலி ரிங்கில் பிராக்டீஸ். உயரம், வலை, தூக்கிவிட ஆள், திட்டுவதற்கு ஒரு மாஸ்டர் எல்லாம் அங்கேயே இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளைச் சர்க்கஸில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அது வரவேண்டிய தீர்ப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கியபோது, வளர்ந்தவர்கள் பழகுவதற்கான அந்தக் காலை நேர ரிங்கும் சேர்ந்து போனது. அதற்கு மாற்றாக ஒன்றையும் யாரும் கட்டவில்லை. பிரான்ஸ் 1985இல் ஷாலோன் நகரில் தேசிய சர்க்கஸ் மையத்தைத் தொடங்கியது. அங்கே மேடைக் கலைஞர் 12 மாசத்தில் 507 மணி நேரம் சம்பள வேலை காட்டினால் வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. சம்பளத்தோடு நடக்கும் ஒத்திகையும் அந்த மணிக்கணக்கில் சேரும். அங்கே ஒரு குழு இரண்டு வருஷம் ஒரே படைப்பைச் சுமந்துகொண்டு இடம் இடமாக ரெசிடென்சி போகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கே பார்த்ததை இங்கே எதிர்பார்க்கும் இளசுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இடம் கிடைத்தாயிற்று. உள்ளே போய் என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் கையில் ஏற்கெனவே எட்டு நிமிஷ ஐட்டம் ஒன்று இருக்கும். கல்யாண வரவேற்பு, கார்ப்பரேட் நிகழ்ச்சி என்று நூறு தடவை செய்து பழகியது. ரெசிடென்சிக்கு வந்ததும் அதையே இழுத்து நாற்பது நிமிஷம் ஆக்கப் பார்ப்பார்கள். இங்கேதான் முட்டும். முன்கைத் தசை எட்டு நிமிஷத்தில் கல்லாகிவிடும், அதற்குமேல் பிடி நழுவும். அப்படியென்றால் நாற்பது நிமிஷப் படைப்பில் ஓய்வு எங்கே வருகிறது என்பதே கதை அமைப்பின் முதல் கேள்வி. தரையில் கிடக்கும் நேரம், துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும் நேரம், இன்னொருவர் மேலே இருக்க நீங்கள் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம். ஐட்டத்தில் இவையெல்லாம் ஒளித்து வைக்கப்படும். புதுப் படைப்பு பெரும்பாலும் அந்த ஒளித்த இடங்களிலிருந்துதான் முளைக்கிறது.

செய்து பார்க்க வேண்டிய ஒரு பயிற்சி: ஏதாவது ஒரு டிராப்பை எடுத்து ஏறுவது, சுற்றுவது, காத்திருப்பது, விழுவது என்று பிரியுங்கள். விழுவதை நீக்கிவிடுங்கள். சுற்றுவதை மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு நீட்டுங்கள். பார்க்கிறவர் விழுவார், விழுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் பொறுமையாகச் சுற்றை அவிழ்த்து இறங்கி வந்துவிடுகிறீர்கள். கைதட்டல் வராது. கைதட்டல் இல்லாமல் அந்த உடம்பு என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கத்தான் இந்த நாட்கள். மேடையில் இதைச் சோதிக்க முடியாது, அடுத்த புக்கிங் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் போனில் படம் பிடியுங்கள். அன்று இரவே பார்த்து, எந்த நிமிஷத்தில் என்ன வந்தது என்று நோட்டில் குறியுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட வீடியோவை யாரும் பார்த்ததில்லை.

ஒரு வார ரெசிடென்சி சர்க்கஸுக்குப் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள் கட்டுவதற்கு, கடைசி நாள் அவிழ்ப்பதற்கு, நடுவில் ஒரு நாள் உடம்புக்கு. மிச்சம் நாலு. பதினாலு நாள் என்றால் முதல் நாள் ரிக்கிங் எனும் கட்டு வேலை, மணல் மூட்டை தொங்கவிட்டுச் சோதனை. 2 முதல் 4 வரை தேடல், 5ஆம் நாள் அரை நாள், 6 ஓய்வு. 7 முதல் 10 வரை கோத்துப் பார்ப்பது, 11 முழு ஓட்டம், 12 ஓய்வு. 13 அன்று பத்துப் பதினைந்து பேருக்குக் காட்டுங்கள். 14ஆம் நாள் அரை நாள் வேலை, பிறகு அவிழ்ப்பு. கூட்டிப் பார்த்தால் காற்றில் இருப்பது பத்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல், அதையும் இரண்டாகப் பிரித்து. ஒரு சின்ன விஷயம்: மதியம் மெஸ்ஸில் சாம்பார், ரசம், தயிர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் தலைகீழாகத் தொங்க முடியாது. பெரிய சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

காட்டுவதைக் கடைசி நாளில் வைக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பார்த்தவர்கள் சொன்னதை மறுநாளே மேலே ஏறிச் சோதிக்க ஒரு அரை நாள் இருந்தால்தான் அதனால் பயன். இல்லையென்றால் அது ஸ்பான்சருக்கு போட்டோ எடுக்கும் சடங்கு. வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் சூப்பர் என்பார்கள். எந்த இடத்தில் போனை எடுக்கத் தோன்றியது என்று கேளுங்கள், பதில் உருப்படியாக வரும். வெளியாள் பார்வைக்கு ஒரு இயக்குநரையோ நடனக் கலைஞரையோ கூப்பிடுவதும் அப்படியே. கடைசி நாள் மட்டும் வந்தால் பாராட்டிவிட்டுப் போவார், தினமும் வந்தால் படைப்பு அவருடையதாகிவிடும். 3, 4 அன்றும் 9, 10 அன்றும் வரச் சொன்னால் சரியாக இருக்கும்.

பணத்துக்கு வருவோம். மூன்று கலைஞர்கள், 14 நாள் என்று ஒரு மாதிரிக் கணக்கு, ரேட் இடத்துக்கு இடம் மாறும். ஆளுக்கு நாளுக்கு 1,500 ரூபாய் ஊதியம் என்றால் 63,000. இடம் நாளுக்கு 4,000 வீதம் 56,000. தங்க 21,000. சாப்பாடு ஆளுக்கு 400 வீதம் 16,800. கட்டிக் கொடுக்கும் ரிக்கர் இரண்டு நாளுக்கு 10,000. வெளியாள் நாலு நாளுக்கு 12,000. இன்சூரன்ஸ், பிசியோ, டெம்போ வாடகை 20,000. மொத்தம் 1,98,800. இதில் முதலில் வெட்டப்படுவது எது தெரியுமா? அந்த 63,000. உங்களுக்கு இடமே ஃப்ரீயாகக் கொடுக்கிறோமே என்பார்கள். பதினாலு நாள் புக்கிங்கை விட்டுவிட்டு வருகிறவருக்கு வாடகை நிற்காது. அடுத்து வெட்டப்படுவது ரிக்கர். பணம் போதாதென்றால் நாட்களைக் குறையுங்கள், ரிக்கரைக் குறைக்காதீர்கள்.

தங்கும் இடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்த உடம்பு சில்க்கில் ஏறாது.

விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். இங்கிலீஷில் கான்செப்ட் நோட், ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட், எடிட் செய்த வீடியோ. விழுப்புரத்தில் எண்ணெய் தடவிய மரத்தில் மல்லர் கம்பம் ஏறி வளர்ந்த பையனும், மூங்கிலைக் குறுக்காக நட்டுக் கயிறு கட்டி நடக்கும் கழைக்கூத்தாடிக் குடும்பத்துப் பெண்ணும் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். கயிற்றில் நடக்கும்போது கையிலிருக்கும் நீளக்கழி உடம்பு சாய்வதை ஏன் மெதுவாக்குகிறது என்று அந்தப் பெண்ணுக்குச் சூத்திரம் தெரியாமல் இருக்கலாம், உள்ளங்காலுக்குத் தெரியும். ஹாஸ்ட்கள் தமிழிலோ கன்னடத்திலோ மூன்று நிமிஷ வாய்ஸ் நோட் வாங்கிக்கொள்ளட்டும். கூடவே வெட்டாத ஒரே ஷாட் வீடியோ, என்ன கருவி, எத்தனை அடி, எத்தனை பேர். தேர்வு செய்ய இதற்குமேல் என்ன வேண்டும்?

உயரத்துக்கும் நாட்களுக்கும் ஒரு வழி இருக்கிறது என்றேனே, இப்போது அது. ஆடி மாசம் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம். மார்கழி இரண்டு பேருக்கும் ஆகாது. பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் அந்த நாட்களில் எத்தனை காலியாகக் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உயரமான ஹால், சமையல்கட்டு, ஜெனரேட்டர், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கும் ரூம்கள். ரெசிடென்சிக்கு வேண்டிய எல்லாமும் ஒரே கூரைக்கடியில். மேலே ஃபால்ஸ் சீலிங் என்பதால் அதில் ஒன்றும் கட்ட முடியாது. தரையில் நிற்கும் நாலுகால் ரிக், அதாவது தொங்குவதற்கான சட்டம், கொண்டுபோக வேண்டும். 20 அடி ரிக் நிற்க ஹால் 22 அடியாவது இருக்கட்டும். கிரானைட் வழுக்கும், அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ரப்பரும் பிளைவுட்டும் வைத்து, நாலு காலையும் கீழே ஸ்ட்ராப்பால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுங்கள், கால் அகலாது. அந்த ரிக்கில் ஊஞ்சல்போல வீசி ஆடுவது கூடாது, நின்ற இடத்தில் செய்யும் வேலைக்கு மட்டும். ஆடி மழை ஈரத்தில் துணியில் பிடி மாறும், முதல் இரண்டு நாள் தாழ்வாகவே பழகுங்கள்.

மண்டபக்காரரிடம் பேசப் போகும்போது சர்க்கஸ் என்று ஆரம்பிக்காதீர்கள், யானை வருமா என்று கேட்பார். டேப் எடுத்துக்கொண்டு போங்கள், முதலில் சீலிங்கை அளக்கலாமா என்று மட்டும் கேளுங்கள்.