"தெரிந்துதானே சேர்ந்தார்கள்" என்று கைதட்டியவர்களுக்கு

நம் தீயணைப்பு வீரர்களுக்கு இரண்டாவது செட் கோட் வாங்கக் காசு கேட்ட செவ்வாய்க்கிழமை ஊர் நிதிக்குழுக் கூட்டத்தில் நடந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்த இரண்டு நிமிட வீடியோ நம் ஊர்க் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது, பார்த்திருப்பீர்கள். பேசியவர் யார் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர் பேசியதைக்கூட விட்டுவிடலாம். "ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள், இப்போது வந்து கோட்டில் கெமிக்கல் என்றால் எப்படி?" என்று அவர் முடித்ததும் கைதட்டல் வந்ததே, அதுதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

தெரிந்துதான் சேர்ந்தார்கள், சரி. எதைத் தெரிந்து? தீ சுடும் என்று தெரியும், புகை மூச்சை அடைக்கும் என்று தெரியும், கூரை தலையில் விழலாம் என்று தெரியும். 1999 டிசம்பர் 3 அன்று நம் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் குளிர்பதனக் கிடங்கு எரிந்தபோது, உள்ளே ஆள் மாட்டியிருக்கலாம் என்று தேடிப்போன இரண்டு பேர் வழி தெரியாமல் சிக்கிக்கொள்ள, அவர்களைத் தேடி இன்னும் நாலு பேர் போய், ஆறு பேருமே திரும்பவில்லை. மாசசூசெட்ஸில் தீயணைப்பு வேலைக்குச் சேருகிற யாருக்கும் இந்தக் கதை தெரியாமல் இருக்காது. அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால் பாதுகாப்புக்கு என்று மாட்டிவிடுகிற கோட்டிலேயே உடலில் சேருகிற ரசாயனம் இருக்கிறது என்று அவர்களிடம் யார் சொன்னது? சொல்லாத ஒன்றுக்கு ஒருவர் எப்படி ஒப்புக்கொண்டிருக்க முடியும்?

நான் துணிக்காரன், அதனால்தான் இதை விட்டுவிட முடியவில்லை. திருப்பூரில் வளர்ந்து, கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் படித்து, பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் ஃபினிஷிங், அதாவது துணிக்குக் கடைசியாக ரசாயனம் ஏற்றுகிற வேலை பார்த்தவன். தண்ணீர் ஒட்டாத துணியைச் சோதிக்க ஒரு டெஸ்ட் உண்டு. துணியை வளையத்தில் இறுக்கி 45 டிகிரி சாய்வாக வைத்து, மேலே புனலிலிருந்து 250 மில்லி தண்ணீர் விடுவோம். சாதாரணத் துணி குடித்துவிடும். ஃப்ளோரின் ஃபினிஷ் போட்ட துணியில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக ஓடிவிடும், வளையத்தை ஒரு தட்டு தட்டினால் ஈரம் பட்ட சுவடே இருக்காது. எண்ணெய்ச் சொட்டு வைத்தாலும் ஊறாமல் அப்படியே குமிழாக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. கார்பனும் ஃப்ளோரினும் பிடித்துக்கொள்கிற பிடி அப்படி, எளிதில் விடாது. அந்தப் பிடிதான் பிரச்சினையும். துணியில் விடாதது மண்ணிலும் விடாது, தண்ணீரிலும் விடாது, ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் வருடக்கணக்கில் கிடக்கும். பீஃபாஸ் (PFAS) என்று இன்று எல்லாரும் சொல்கிற ரசாயனக் குடும்பம் இதுதான்.

2006-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எட்டு பெரிய கம்பெனிகளை உட்காரவைத்து, சி8, அதாவது எட்டு கார்பன் கோத்த வகையின் முக்கியமான நச்சை 2015-க்குள் நிறுத்துவதாக ஒப்புக்கொள்ள வைத்தது. அப்புறம் எங்கள் மில்லுக்கு வந்த டிரம்களில் லேபிள் மாறியது. சி6, அதே குடும்பத்தில் ஆறு கார்பன் வகை, பிரச்சினையே இல்லை என்றார் விற்பனைக்கு வந்தவர். நான் நம்பினேன். கையுறை இல்லாமல், துணியை ரசாயனத்தில் முக்குகிற பேடிங் தொட்டியில் கைவிட்டு வேலை பார்த்திருக்கிறேன். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

தீயணைப்பு வீரர்கள் தீக்குள் போகும்போது மாட்டுகிற டர்ன்அவுட் கோட் மூன்று அடுக்கு. வெளியே தீ தாங்கும் துணி, உள்ளே வெப்பம் தாங்கும் மெத்தை மாதிரியான லைனிங், நடுவில் வெளித் தண்ணீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற ஒரு மெல்லிய படலம். நடுப்படலத்தில் காலங்காலமாக இருந்தது டெஃப்லான் குடும்பம், அதுவும் பீஃபாஸ்தான். வெளித்துணியில் நான் சொன்ன ஃபினிஷ். இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னது கம்பெனியும் இல்லை, அரசாங்கமும் இல்லை. வூஸ்டர் தீயணைப்பு வீரர் பால் காட்டருக்கு 2014-இல் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அவர் மனைவி டயான் காட்டர் விடாமல் கேள்வி கேட்டுக் கேட்டு, நோட்டர்டேம் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் கிரஹாம் பீஸ்லியிடம் கோட்டுகளைச் சோதிக்கக் கொடுக்க வைத்தார். அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. வேதியியல் படிக்காத ஒரு வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வியை, துணி படித்த நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பாலிமர்தானே, துணியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், உடம்புக்குள் எப்படிப் போகும்?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்கிறேன். நிஸ்ட் என்கிற அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2024-இல் அந்தத் துணிகளைத் தேய்த்து, சூடாக்கி, துவைத்து, வெயிலில் போட்டுப் பார்த்தது. தேயத் தேயப் பல துணிகளில் அளந்த பீஃபாஸ் அளவு கூடியது. மாசசூசெட்ஸில் 15 தீயணைப்பு நிலையங்களில் தூசி எடுத்துப் பார்த்தார்கள், கோட் மாட்டுகிற அறைத் தூசியில் ஃப்ளோரின், உட்கார்ந்து டிவி பார்க்கிற அறையைவிட அதிகம். துணியோடேயே இருக்கிறதென்றால் அறைக்குள் அது எங்கிருந்து வந்தது?

அக்டோபரில் தீயணைப்பு நிலையத்தைத் திறந்துவிடுவார்களே, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த நிலையத்தில்தான் இருக்கிறார், தன் கோட்டைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டார். கோட் தரையைத் தொட்டது, கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, எலுமிச்சை நிறப் பட்டை மட்டும் பளபளவென்று இருந்தது. காலரை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தான். நான்தான் போட்டோ எடுத்தேன். ஒரு தடவை போட்டதால் ஒன்றும் ஆகிவிடாது, எனக்குத் தெரியும், அதற்காகப் பயமுறுத்த வரவில்லை. ஆனால் துணியைத் தொட்டே ஃபினிஷ் சொல்கிற என் கைதான் அன்றைக்கு அந்தக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டது, ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவன் ஒரு நாள் போட்டதை அவர் 20 வருடமாக வேர்க்க விறுவிறுக்கப் போடுகிறார்.

அவருக்குத் தைராய்டை எடுத்தாகிவிட்டது. கோட்டால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், யாராலும் ஒரு தனி ஆளைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நிரூபி, நிரூபி என்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. 2023-இல் பழைய சி8 நச்சையும் அதே முதல் பிரிவில் வைத்தது. "அப்படியென்றால் புகைதான் காரணம், கோட்டை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். புகை காரணம் இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. ஏற்கெனவே புகை குடிக்கிற மனிதருக்கு நம் பங்குக்கு இன்னொன்றையும் ஏன் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

காசு. இதைத்தானே கடைசியில் சொல்ல வருகிறீர்கள். 2024 ஆகஸ்டில் ஆளுநர் மௌரா ஹீலி கையெழுத்திட்ட சட்டப்படி, 2027 ஜனவரியிலிருந்து பீஃபாஸ் சேர்த்த கோட்டை இந்த மாநிலத்தில் விற்கக்கூடாது. விற்கக்கூடாது, அவ்வளவுதான். அலமாரியில் இருப்பதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாரும் வரப்போவதில்லை. ஒரு கோட்டுக்கு ஆயுள் பத்து வருடம். அதனால் "பழசு தேயட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறது நம் நிதிக்குழு. தேயத்தேயத்தான் அதிகம் வெளியே வருகிறது என்று இப்போதுதானே எழுதினேன்! சான்ஃபிரான்சிஸ்கோ சட்டம் போட்டு, வைத்திருக்கிற கோட்டுகளையே மாற்றக் கெடு வைத்தது. ராட் ஐலண்டில் பிராவிடன்ஸ் நகரம் தன் ஆட்கள் எல்லாருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டது. பிராவிடன்ஸ் நம்மைவிடப் பணக்கார ஊரா?

நியாயமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஃப்ளோரின் இல்லாத ஃபினிஷ் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. டீசல் சிந்திய இடத்தில் துணி எண்ணெயைக் குடித்துக்கொண்டால் தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு, வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். புதிய கோட்டுகள் சிலவற்றின் நடுப்படலத்தில் புரோமின் சேர்த்த தீத்தடுப்பான் இருப்பதாக டியூக் பல்கலைக்கழக ஆய்வும் வந்துவிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு மனசே விட்டுப்போயிற்று, சி8 போய் சி6 வந்த அதே கதை. ஆனால் அதற்குப் பதில் பழையதையே போட்டுக்கொள் என்பதா? புதிய கோட்டில் என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று வாங்குகிற நாம்தான் சொல்ல வேண்டும். டீசல் பட்டால் உடனே கழற்றித் துவைக்க ஆளுக்கு இரண்டாவது செட் வேண்டும். அந்த இரண்டாவது செட்டுக்குத்தான் செவ்வாய்க்கிழமை காசு கேட்டார்கள்.

"மாற்று இல்லை, மாற்றினால் தொழில் படுத்துவிடும்" என்ற பேச்சை நான் கேட்டு வளர்ந்தவன். நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடிய காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அப்பா உட்பட. விவசாயத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆனது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு எல்லாம் திடீரென்று சாத்தியமானது. அப்பா சம்பளம் இல்லாமல் உட்கார்ந்த மாதங்கள் எனக்கு நினைவிருக்கிறது, வலி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அணைக்குக் கீழே தென்னை பட்டுப்போனவர்களிடம் யாரும் முன்னாலேயே கேட்கவில்லை. இங்கேயும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2022-இல் வெளிவந்தது. ரத்தத்தில் சேர்ந்த பீஃபாஸை எப்படிக் குறைப்பது என்று பார்த்தார்கள். ஒரு வருடம் தொடர்ந்து ரத்தமோ பிளாஸ்மாவோ தானம் கொடுத்தவர்களுக்குக் குறைந்தது. யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுத் தீயை அணைக்கிறவர், அந்த வேலையில் உடம்பில் ஏறியதை இறக்க, தன் ரத்தத்தையே ஊசி போட்டு வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. இதையும் தெரிந்துதான் சேர்ந்தாரா? செப்டம்பர் 11 வந்தால் கொடி பிடிக்கிறீர்கள், அணிவகுப்பில் வண்டி போனால் குழந்தையைத் தோளில் தூக்கிக் கையசைக்கச் சொல்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை கைதட்டியதும் அதே கைகள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், "பரவாயில்லை, குளிருகிறது, வீட்டுக்குப் போ" என்றார். காலையில் எழுந்து பார்த்தால் தெருவோரம் இருந்த எங்கள் குப்பைத்தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து வைத்திருந்தார்.

வரும் வியாழன் இரவு 7 மணிக்கு உயர்நிலைப் பள்ளி அரங்கில் டவுன் மீட்டிங். நிதிக்குழு வேண்டாம் என்று பரிந்துரைத்தாலும் முடிவு அங்கே கை தூக்குகிறவர்களுடையது. ஊரில் வாக்காளராகப் பதிந்த யாரும் வரலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், என் மனைவி இருப்பாள்.