வைனில் பக்டீரியா இருந்தால் நஞ்சா?

"வைனில் பக்டீரியா இருந்தால் அது பழுதானது, ஊற்றிவிடுங்கள்" என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிழை. சீனியை மதுவாக்குவது மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர்தான், சரி, ஆனால் அதற்குப் பிறகு ஈனோகொக்கஸ் ஈனி என்ற பக்டீரியா, பழத்திலும் மரப்பீப்பாயிலும் தானாகவே இருப்பது, பச்சை அப்பிள் போலப் பல்லைக் கூசவைக்கும் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அப்போது மெல்லிய குமிழிகளும் எழும். பெரும்பாலான சிவப்பு வைன்களுக்கு இது தேவை. கெடுப்பது வேறு இனம், காற்றுப்பட்டால் வினாகிரியாக்கிவிடும்.

நம்மூர்ப் பனையில் கட்டிய முட்டியையே பாருங்களேன்: சுண்ணாம்பு பூசினால் புளிக்காத இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் நுரை தள்ளும் கள்ளு. அதில் மதுவத்தோடு சைமோமோனாஸ் என்ற பக்டீரியாவும் சேர்ந்துதான் வேலை செய்கிறது, யாரும் கொண்டுபோய்ப் போடவில்லை.