எவ்வளவு நேரம் பார்த்தோம்?

தமிழில் ‘ஒழுகு’ என்ற வினைச்சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. விரிசல் விட்ட பானையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. நெறிப்படி வாழ்கிற மனிதரும் அந்நெறியில் ஒழுகுகிறார், ‘ஒழுக்கம்’ என்ற சொல் அதிலிருந்தே வருகிறது. இவ்விரு பொருள்களும் தற்செயலாக ஒரே சொல்லில் வந்து சேர்ந்தவை என்றுதான் நீண்ட நாள்களாக எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. இடையறாமல் ஒரு போக்கில் செல்வது இரண்டுக்கும் பொது. கரையில்லாத நீர் ஆறாக ஓடுவதில்லை, பரவி வற்றிப்போகிறது என்பதையும் அந்தச் சொல்லை ஆண்டவர்கள் அறிந்தே இருந்திருப்பார்கள்.

இதை எழுதக் காரணம், ‘நெகிழ்வுத்தன்மை’ என்ற சொல் இப்போது எங்கும் காதில் விழுவதுதான். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைக் கேட்கிறார்கள். குடும்ப ஆலோசகர்கள் அதைப் பரிந்துரைக்கிறார்கள். மொழி, பாலினம், அடையாளம் பற்றிய விவாதங்களில் ஒரு தரப்பு அதை விடுதலை என்று கொண்டாடுகிறது, மறுதரப்பு சீரழிவு என்று அஞ்சுகிறது. இரு தரப்பாரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். நெகிழ்வு என்பது சிலவற்றிடம் இருக்கும், சிலவற்றிடம் இருக்காது என்று, நிறத்தைப் போல, எடையைப் போல, பொருளுக்குள் உறையும் ஒரு குணமாக அதை நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று நெகிழ்கிறதா, உறைந்து நிற்கிறதா என்பது அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததன்று. எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு வேகமாகத் தள்ளினோம் என்பதையும் பொறுத்தது. இதை எனக்குக் கற்றுத் தந்தது தத்துவம் அன்று, இயற்பியல்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிப் புனல் இருக்கிறது. தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-ல் அதில் சூடாக்கிய கீலை ஊற்றினார். தார் வகையைச் சேர்ந்த அந்தக் கரும்பொருள் அறை வெப்பநிலையில் கல்லைப் போல இருக்கும். சுத்தியலால் அடித்தால் சில்லுசில்லாக உடையும். அது படிந்து அமைவதற்காக மூன்றாண்டுகள் காத்திருந்து, 1930-ல் புனலின் அடிமுனையை வெட்டித் திறந்துவிட்டார். முதல் துளி விழுந்தது 1938-ல். அதன்பின் ஏறத்தாழ ஏழு முதல் பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒரு துளி என்ற கணக்கில் அது சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது துளி 2014-ல் பிரிந்தது. அந்தக் கீலின் பாகுநிலை, அதாவது ஓடாமல் எதிர்க்கும் தன்மை, நீரைப் போலச் சுமார் 23,000 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுத்தியலோடு ஒரு நொடி நிற்பவருக்கு அது திடப்பொருள். எண்பது ஆண்டுகள் காத்திருப்பவருக்கு அது நீர்மம். இருவர் சொல்வதும் உண்மை.

பொருள்கள் எவ்வாறு பாய்கின்றன, உருமாறுகின்றன என்பதை ஆராயும் பாய்வியலில் இதை அளப்பதற்கே ஓர் எண் உண்டு. மார்கஸ் ரெய்னர் என்ற அறிஞர் 1964-ல் அதை முன்வைத்து, ‘டெபோரா எண்’ என்று பெயரிட்டார். மலைகள் கடவுளின் முன் ஒழுகின என்று டெபோரா என்ற தீர்க்கதரிசினி பாடியதாக விவிலியத்தில் வருகிறது; அந்த வரியிலிருந்து எடுத்த பெயர் அது. ஒரு பொருள் தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ள எடுக்கும் காலத்தை, நாம் அதைக் கவனிக்கும் காலத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். வகுத்து வருவது பெரிதாக இருந்தால் நமக்கு அது திடம், சிறிதாக இருந்தால் நீர்மம். பார்ப்பவரின் காலத்தைக் கணக்குக்குள்ளேயே சேர்த்துவிட்ட இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதையொட்டி ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பழைய தேவாலயங்களின் சன்னல் கண்ணாடிகள் அடிப்பகுதியில் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடியும் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அக்காலத்தில் கண்ணாடித் தகடுகளை ஒரே தடிமனாகச் செய்ய முடியவில்லை என்பதே காரணம். அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிவதற்குப் பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்ட காலம் ஆகும் என்று பிரேசில் ஆய்வாளர் எட்கர் சனோட்டோ 1998-ல் கணக்கிட்டுக் காட்டினார். ‘எல்லாமே பாய்கிறது’ என்று சொல்லிவிடுவது எளிது. எது, எந்தக் கால அளவில் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினால் அறிவியலே தடுமாறும் என்பதற்கு வெகெனரின் கதை சான்று. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகெனர் 1912-ல் சொன்னபோது, திடமான பாறையின் ஊடே கண்டம் எப்படி நகரும் என்று புவியியலாளர்கள் பலர் மறுத்தனர். அவர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். அவருடைய கருத்தின் சாரம் ஏற்கப்பட்டது 1960-களில்தான். நம் காலடியில், புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் என்ற அடுக்கு பெரும்பாலும் திடப்பாறையே. ஆனாலும் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அது பாகைப் போல நகர்கிறது, கண்டங்களைத் தாங்கித் தன்மேல் உள்ள தட்டுகளை நகம் வளரும் வேகத்தில் கொண்டுசெல்கிறது. மறுத்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு மனித வாழ்நாளில் பார்த்ததைக் கொண்டு பாறையின் இயல்பை முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நேரத்தைப் பற்றிச் சொன்னேன். வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ன்ஃப்ளோர் மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, அதில் விரலை மெதுவாக இறக்கினால் அது வழிவிடும். அதே கரைசலை ஓங்கிக் குத்தினால் சுவராக எதிர்த்து நிற்கும். மெதுவாக நகரும்போது மாவுத் துகள்கள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு விலக நேரம் இருக்கிறது; திடீரென்று அழுத்தும்போது அந்த நேரம் இல்லாமல் அவை ஒன்றோடொன்று உரசிப் பூட்டிக்கொள்கின்றன. கரைசல் மாறவில்லை, மாறியது கை.

இதைப் படித்த இடத்தில் நான் என் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் கணித ஆசிரியர். இருபத்தாறு வயதில் நான் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஓவியம் கற்கப் போனபோது அவர் என்னோடு சண்டை போடவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் புதிய வாதங்களோடு போனேன், அவரை வென்றே தீர வேண்டும் என்று பேசினேன். பேசப் பேச அவர் இறுகினார். ‘அப்பா கல், அவர் மாறவே மாட்டார்’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் என் கையின் வேகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நெகிழ்வுக்கு எல்லையும் வேண்டும் என்பதை உயிரணுவைப் போல வேறெதுவும் எனக்கு விளக்கியதில்லை. 1970-ல் ஃப்ரை, எடிடின் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எலியின் உயிரணுவையும் மனித உயிரணுவையும் ஒன்றாக இணைத்தார்கள். இரண்டின் மேற்பரப்பிலுள்ள புரதங்களுக்கும் ஒளிரும் பச்சை, சிவப்பு அடையாளங்களைக் கொடுத்திருந்தார்கள். தொடக்கத்தில் ஒரு பாதி பச்சை, மறுபாதி சிவப்பு. 37 டிகிரி வெப்பத்தில் நாற்பது நிமிடங்கள் கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலான உயிரணுக்களில் இரண்டு நிறங்களும் முழுமையாகக் கலந்திருந்தன. குளிரவைத்தபோது அந்தக் கலப்பு பெரிதும் தடைபட்டது. உயிரணுவின் சவ்வு சுவரைப் போல இறுகியது அன்று, எண்ணெய்ப் படலத்தைப் போல நகர்வது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் சிங்கரும் நிக்கல்சனும் புரதங்கள் நகரக்கூடிய கொழுப்புப் படலமாகச் சவ்வை விளக்கும் ‘பாய்ம மொசைக்’ மாதிரியை வெளியிட்டார்கள்.

நம்மை வெளியுலகிலிருந்து பிரித்து, ‘இது நான்’ என்று வரையறுத்து நிற்கும் எல்லையே பாய்மமாக இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த எல்லை கரைந்துபோவதும் இல்லை. நம் உயிரணுச் சவ்வில் உள்ள கொலஸ்டிரால் வெப்பம் கூடும்போது மூலக்கூறுகளின் ஓட்டத்தை அடக்குகிறது. குளிர் கூடும்போது அவை நெருங்கி உறைந்துவிடாமல் விலக்கி வைக்கிறது. குளிரில் வளரும் பாக்டீரியா, தன் சவ்வு இறுகிவிடாதிருக்க அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் வகையையே மாற்றிக்கொள்கிறது. உயிரோடு இருப்பது என்பது இறுக்கத்துக்கும் கரைவுக்கும் இடையிலான குறுகிய பாதையை நொடிதோறும் காப்பது. அடையாளங்கள் நெகிழ்ந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களிடம் நான் இந்தச் சவ்வைத்தான் காட்ட விரும்புகிறேன். எல்லைகளே வேண்டாம் என்கிறவர்களிடமும் இதையேதான் காட்டுவேன்.

ஓவியம் வரைகிறவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். தூரிகை நகரும்போது வண்ணம் இளகி ஓட வேண்டும். தூரிகையை எடுத்த கணத்தில் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். நன்றாகக் குழைத்த வண்ணத்துக்கு இவ்விரண்டும் வரும், கார்ன்ஃப்ளோர் கரைசலுக்கு நேர் எதிரான குணம் அது. மெக்சிகோ ஓவியர் சிகேரோஸ் 1936-ல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில், ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணத்தை ஊற்றி, அவை தாமாகவே உருவாக்கும் வடிவங்களை ஓவியமாக்கினார். அடர்த்தி கூடிய வண்ணம் மேலே இருந்து கீழிறங்க முயலும்போது ஏற்படும் நிலைகுலைவே அந்த வடிவங்களுக்குக் காரணம் என்று பின்னாளில் பாய்ம இயக்கவியலாளர்கள் விளக்கினார்கள்.

அந்தப் பட்டறையில் கலந்துகொண்டவர்களில் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் ஒருவர். தரையில் விரித்த துணியின்மேல் வண்ணத்தை ஒழுகவிட்டு வரைந்த அவரைக் கட்டுப்பாடற்றவர் என்று பலரும் எண்ணினார்கள். தேனை உயரத்திலிருந்து ஊற்றினால் அது சுருள்சுருளாக விழுவதைப் பார்த்திருப்போம். வண்ணமும் அப்படித்தான் விழும். ஆனால் பொல்லாக் தம் கையின் உயரத்தையும் வேகத்தையும் அந்தச் சுருள் பெரும்பாலும் விழாதபடி அமைத்துக்கொண்டார் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒழுகவிடுவதற்குள்ளும் அவ்வளவு ஒழுங்கு இருந்திருக்கிறது. லியொனார்டோ டா வின்சியும் ஓடும் நீரின் சுழிகளை வரைந்துவிட்டு, நீரின் அசைவு கூந்தலின் சுருள்களை ஒத்திருப்பதாகப் பக்கத்திலேயே குறித்து வைத்தார். நீருக்கு உருவமில்லை என்பவர்களைவிட அதன் உருவத்தை மணிக்கணக்கில் பார்த்தவரை நான் நம்புகிறேன். இசையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குரல் இனிப்பதற்கு, கிளம்பிய இடமும் சேர்ந்த இடமும் துல்லியமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு அறிந்திருக்கிறேன்.

அன்றாட வாழ்வில் நெகிழ்வைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று எனக்கு வருத்தம் தருகிறது. தண்ணீரைப் போல இரு, எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவத்தை எடுத்துக்கொள் என்பார்கள். இது பெரும்பாலும் யாரிடம் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். புது வீட்டுக்குப் போகும் மணமகளிடம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம், தாய்மொழி செல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்தவரிடம் சொல்லப்படுகிறது. பாத்திரத்திடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ‘நெகிழ்வான வேலை நேரம்’ என்ற பெயரில் நள்ளிரவிலும் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த ஒரு நிறுவனத்தில் நானும் இருந்திருக்கிறேன். வளைய வேண்டியவர்கள் எப்போதும் ஒரு பக்கத்தில்தான் இருந்தார்கள். அதற்கு நெகிழ்வு என்ற அழகிய பெயரைக் கொடுக்கக் கூடாது.

நீரைப் பற்றிய அந்த அறிவுரை நீருக்கே நியாயம் செய்யவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டுசொன்னதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அடைபட்ட நீர்மத்தின்மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவி, பாத்திரத்தின் சுவர் முழுவதையும் தள்ளுகிறது. பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்ட நீர் அதோடு அடங்கிப்போவதில்லை. சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் அது எதிர்த்து நிற்கிறது. இடம் கொடுப்பதும் எதிர்த்துத் தள்ளுவதும் அதனிடம் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நீரைப் போல இருக்கச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குவீன்ஸ்லாந்துப் புனலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜான் மெயின்ஸ்டோன் என்பவர் பல பத்தாண்டுகள் அதைப் பராமரித்தார். 1988-ல் ஒரு துளி விழப்போகும் நேரத்தில் சில நிமிடங்கள் வெளியே போனார். திரும்பி வருவதற்குள் அது விழுந்துவிட்டது. 2000-ல் ஒளிப்படக்கருவி வைத்திருந்தார்கள். அது சரியான நேரத்தில் பழுதானது. 2013-ல் அவர் மறைந்தார், ஒரு துளியும் விழும் கணத்தை நேரில் பார்க்காமலே.

நான் அப்பாவோடு வாதிடுவதை எந்தத் தெளிவாலும் நிறுத்தவில்லை, அலுத்துப்போய் நிறுத்தினேன். அதன்பின் வீட்டுக்குப் போனால் அவர் செய்தித்தாள் படிக்கும் அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வரைவேன். அவர் எதுவும் கேட்கமாட்டார், நானும் எதுவும் சொல்லமாட்டேன். இப்படிச் சில ஆண்டுகள் போயின. ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது என் பென்சில்கள் எல்லாம் சீவி வைக்கப்பட்டிருந்தன. துருவியில் திருகியவை அல்ல. கத்தியால், கரிமுனை விரல்நுனி அளவுக்கு நீண்டு வெளியே தெரியும்படி சீவியவை. எழுதுகிறவர்கள் பென்சிலை அப்படிச் சீவமாட்டார்கள். படுக்கவைத்து நிழல் தீட்டுகிறவர்கள்தான் சீவுவார்கள், அதையும் பலநாள் அருகிலிருந்து பார்த்தவருக்கே செய்ய வரும். அவர் எப்போது பார்க்கத் தொடங்கினார் என்று நானும் அம்மாவும் பலமுறை பேசிப் பார்த்துவிட்டோம். அம்மாவும் அதே வீட்டில்தான் இருந்தார். அவருக்கும் தெரியவில்லை.