பிள்ளை மாதிரி என்று சொல்லத் தேவையில்லை

எங்கள் பூனை குட்டப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாளும் போனில் பேசுகிற நிலையில் நான் இல்லை. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அதனால் மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன்.

முதலில் என்ன நோய் என்று சொல்லிவிடுகிறேன், ஆண் பூனை வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை ரொம்பக் குறுகல். சளி மாதிரி ஒரு பொருளும் உப்புத் துகள்களும் சேர்ந்து அதில் அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டு வெளியே வராது. குட்டப்பன் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தான், முக்கினான், கத்தினான். மணல் காய்ந்தே கிடந்தது. "மலச்சிக்கலாக்கும், கொஞ்சம் விளக்கெண்ணெய் குடு" என்றார் பக்கத்து வீட்டு மாமி. யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அடைப்பு என்றால், சிறுநீரோடு போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும். ஓரிரு நாள்தான் அவகாசம். அதிலும் பூனை எப்போதிலிருந்து போகாமல் இருக்கிறது என்று நமக்குச் சரியாகத் தெரியாது. வலிக்கு வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம்.

மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு அடைப்பை எடுத்தார்கள். அடைப்பு நீங்கிய பிறகு சிறுநீர் ஏகமாகப் போகுமாம். அதற்கு ஈடாக டிரிப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குழாயும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். அதனால் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "எவ்வளவு ஆச்சு?" தொகையைச் சொன்னால், "அந்த ரூவாய்க்கு ரெண்டு ஆடு வாங்கலாமே." இன்னொருவர், "பூச்சைக்குட்டி வேணும்னு சொன்னா நாலு பேரு கொண்டு தருவாவ, இதுக்குப் போயா அழுக?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்டவர்கள் இல்லை. ஆட்டையும் மாட்டையும் விலை பார்த்தே வளர்த்துப் பழகிய ஊர் இது, அந்தக் கணக்கு எனக்கும் புரியும்.

எனக்கு உடன்பாடில்லாதது, இதற்கு நம்மைப் போன்றவர்கள் சொல்கிற பதில். "அவன் எனக்குப் பிள்ளை மாதிரி" என்கிறோம். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? குட்டப்பன் என் பிள்ளை இல்லை. அவன் பூனை. மீன் வண்டியின் ஹார்ன் கேட்டதும் எங்கிருந்தாலும் ஓடி வந்து மதில்மேல் நிற்கிற பூனை. மத்தியானம் அப்பாவின் சாரத்தில் (லுங்கியில்) படுத்துக்கொண்டு அவரை எழவிடாத பூனை. பூனையாக இருந்தே அவன் எங்கள் வீட்டில் ஒரு இடத்தைப் பிடித்தான். அந்த இடம் காலியாகிவிடுமோ என்று பயந்து அழுவதற்கு அவனை மனிதனாக்கிக் காட்ட வேண்டியதில்லை.

சொல்லப்போனால், பூனை என்பதாலேயே அந்தப் பயத்துக்குத் தனியாக ஒரு கனம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதரிடம் "ரெண்டு நாளில் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லலாம். இவனிடம் எப்படிச் சொல்வது? முன்னங்காலில் முடியை வழித்து ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள், கழுத்தில் பிளாஸ்டிக் வளையம், பக்கத்துக் கூண்டுகளில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. நான் கையை வைத்ததும், சுகமாகப் படுத்திருக்கும்போது வருகிற மாதிரி 'குர்ர்... குர்ர்' என்று சத்தம் போட்டான். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. டாக்டர்தான் சொன்னார், வலியிலும் பயத்திலும்கூடப் பூனைகள் அப்படிக் குர்ர்ரென்று சத்தம் போடும் என்று. அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்துகொள்வதை விட்டுவிட்டேன். படுக்கைக்குக் கீழே தொங்கிய, சிறுநீர் வந்து சேருகிற பையைத்தான் பார்த்தேன். சிவப்பாக இருந்தது, கட்டன்சாயா நிறத்துக்கு வந்து, அப்புறம் வெளிர் மஞ்சளானது.

காத்திருக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று டாக்டரிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடும்போது "எப்படி இருக்கான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது, என்ன நிறம், ஏதாவது சாப்பிட்டானா என்று கேளுங்கள். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலும் கெட்டுப்போகும், அதனால் சாப்பாட்டை விடாமல் கேட்க வேண்டும். வீட்டு வாசனை உள்ள துணி ஒன்றைக் கூண்டில் போடச் சொல்லுங்கள். அப்பா தன்னுடைய பழைய சாரத்தை அவராகவே மடித்துக் கொடுத்தனுப்பினார்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர்தான் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "பூச்சைக்கு எப்படி இருக்கு மக்ளே? நீ வல்லதும் தின்னியா?" என்றார். அன்றைக்குத்தான் அம்மா வைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் என் தொண்டைக்குள் இறங்கியது. இப்படி ஒரு வீட்டில் யாராவது தவித்துக்கொண்டிருந்தால் அந்த அக்கா கேட்டதைக் கேளுங்கள், போதும்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. எங்கள் இன்னொரு பூனை அவனைப் பார்த்துச் சீறுகிறது, ஆஸ்பத்திரி வாசனையில் அவனை அடையாளம் தெரியவில்லை. இப்போதைக்குத் தனி அறை. அடைப்பு திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் உலர் தீவனத்தைக் குறைத்து ஈரமான சாப்பாடு, அங்கங்கே தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு நனைந்திருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை.

கடைசியாக ஒன்று, இது என் ஆதங்கம். 1956-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றைக்கும் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் உயிர் அவசரம் என்றால் வண்டி திருவனந்தபுரத்துக்குத்தான் திரும்பும். பூனைக்கும் அதே கதை. நாகர்கோவில்காரர்களுக்குத் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் அது ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அடைப்போடு கத்துகிற பூனையை மடியில் வைத்துக்கொண்டு போகிற தூரமா அது? ஆடு மாடுகளுக்காக வந்த வசதிகளைக் குறை சொல்லவில்லை, அவை வேண்டும். கூடவே, இரவிலும் திறந்திருக்கிற, பூனைகளை நாய்களிடமிருந்து தள்ளி வைக்க ஓர் அறையுள்ள கால்நடை ஆஸ்பத்திரி நாகர்கோவிலில் ஒன்றாவது வேண்டும். இதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.