வரையாட்டுக்காக மரம் நடலாமா? உண்மை விளக்கம்
"நீலகிரிச் சிரிப்பானும் வரையாடும் ஒரே காட்டில் வாழ்பவை, மலைப் புல்வெளியில் மரம் நட்டால் இரண்டும் பெருகும்" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

சிரிப்பான் சோலைக்காட்டுப் பறவை. புதர்களுக்குள் பழமும் பூச்சியும் தேடித் தின்னும். வரையாட்டின் வாழ்க்கையே வேறு. அது திறந்த புல்வெளியில் மேயும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் செங்குத்துப் பாறைக்குத் தாவித் தப்பும். எதிரியைத் தூரத்திலேயே கண்டுகொள்ள அதற்கு வெட்டவெளி வேண்டும். சீகை (வாட்டில்), தைலமரம், பைன் என மரங்களைக் கொண்டுவந்து நட்டுத்தான் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை இழந்தோம். நெஞ்சு கொதிக்கும் இழப்பு இது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய வரையாடு திட்டத்தில் புல்வெளி மீட்பும் ஒரு பணி. தயவுசெய்து அந்தச் செய்தியைப் பகிராதீர்கள்.