லாக்கர் நகைக்கு முழு மதிப்பும் கிடைக்காது
ஊருக்குப் போகும்முன் நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள், திருடு போனாலும் பேங்க் பணம் தந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். லாக்கரில் வைக்கச் சொன்னது சரி. ஆனால் "அங்கே திருடு போனால் பேங்க் முழு மதிப்பையும் தந்துவிடும்" என்பது தவறு. ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி திருட்டு, கொள்ளை, தீ, ஊழியர் மோசடி எதுவானாலும் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குதான். 2022 ஜனவரி 1 முதல் இதுதான் நடைமுறை. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலைக்கு அது எத்தனை பவுன் வரும், நீங்களே கணக்குப் போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே வங்கிக்குத் தெரியாது, அப்புறம் எப்படி மதிப்புப் போடும்? வெள்ளம், நிலநடுக்கம் என்றால், வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை அதுவும் கிடையாது. பீரோவைவிட லாக்கர் மேல்தான், நானும் அங்கேதான் வைத்திருக்கிறேன். நகைக்குக் காப்பீடு எடுப்பவர்கள் லாக்கரில் இருப்பதும் அதில் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.