‘ஒருமுறை பார்’ படத்தைச் சேமிக்கவே முடியாதா?

“வாட்ஸ்அப்பில் ‘ஒருமுறை பார்’ என்று அந்தரங்கப் படம் அனுப்பினால் யாரும் எடுத்து வைக்க முடியாது; மீறி வெளியே போனால் ஒன்றும் செய்ய முடியாது.” சேலம் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டுமே தவறு.

ஒருமுறை திறந்து மூடியதும் படம் மறைந்துவிடும் இந்த வசதி 2021இல் வந்தது. இப்போது அது ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கிறது. ஆனால் இன்னொரு போனால் திரையைப் படமெடுப்பதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. திறக்காத படம் 14 நாள் வரை இருக்கும். அதற்குள் பேக்கப் எடுத்தால் அதிலும் ஏறும்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், மறுபடி கேட்பார்கள். பதற்றத்தில் உரையாடலை அழிப்பதுதான் பலர் செய்யும் பிழை, சாட்சியமே போய்விடும். எண், நேரம், கணக்கின் இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்களிடமுள்ள மூலப்படத்தையும் வைத்திருங்கள். 18 வயது நிரம்பியவர்கள் ‘ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க்’ தளத்தில் அதற்கு டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு, உருவாக்கலாம். படம் உங்கள் போனைவிட்டு வெளியேறாது; பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தக் கைரேகையை ஒப்பிட்டுத் தடுக்கும். வெட்டித் திருத்திய படத்துக்குக் கைரேகை மாறும், அதையும் தனியே சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இது எட்டாது.

புகாரை ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ தளத்தில் தரலாம். ஏற்காட்டில் இருப்பவர் அங்குள்ள காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். குற்றம் தங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று போலீசார் மறுக்கக்கூடாது. சம்மதமின்றி அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தைப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை. நம்பி அனுப்பியவர் மீது பழி போடாதீர்கள், குற்றவாளி பரப்பியவர்தான்.